தேர் இறங்கிய படிக்கட்டு

1

லீட்ஸ் நகரத்தில் நான் இருக்கும் கட்டடத்தில் புதன்கிழமை தவறாமல் அபாய மணியைச் சோதிப்பார்கள். வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. முதல் மணிக்கே ஈரத் தலையோடு, ஒற்றைக் காலில் சாக்ஸோடு, நாலு மாடி ஓடி இறங்கித் தெருவில் நின்றேன். வேறு ஒருவரும் இறங்கவில்லை. நாயை நடத்திக்கொண்டு போன ஒரு பெரியவர் மட்டும் என் காலைப் பார்த்து, "சோதனைதான், கண்ணு" என்று அவர்கள் பாஷையில் சொல்லிவிட்டுப் போனார்.

இன்றைக்கும் மணி அடித்தது. அடித்துக்கொண்டிருக்கும்போதே ராஜபாளையத்தில் இருந்து அம்மா ஒரு வீடியோ அனுப்பினாள். எங்கள் அபார்ட்மெண்ட் படிக்கட்டு. மூன்றாம் மாடியில் தொடங்கித் தரை வரைக்கும் அம்மா போனைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். ஆள் இல்லை, பாட்டு இல்லை, அவள் செருப்புச் சத்தமும் மூச்சும் மட்டும். கடைசிப் படியில் நின்று சொல்கிறாள்: "பாத்துக்கட்டி. ஒரு வருசம் ஆச்சு. ஒரு குச்சி கெடக்கா?"

கிடக்கவில்லை. நான் அந்த வீடியோவைத் தோசை கருகும் வரைக்கும் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

வெற்றுப் படிக்கட்டைப் பார்த்து இப்படிக் குதிக்கிறாளே என்று நினைப்பீர்கள். போன வருடம் இதே ஆடியில் அந்தப் படிக்கட்டு இருந்த கோலத்தைச் சொன்னால் நீங்களும் குதிப்பீர்கள்.

2

முதலில் என் செருப்பு பறிபோன கதை. அது இல்லாமல் இது இல்லை.

லீட்ஸில் வீடு கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம், வாசலுக்கு வெளியே ஒரு செருப்பு ஸ்டாண்டு வைத்தது. நம் வாசல், நம் செருப்பு. ஒரு வாரத்தில் அதன் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள்: பொது வழியில் பொருள் வைக்கக் கூடாது, அகற்றவும். நான் அதை அறிவுரை என்று எடுத்துக்கொண்டேன். நம் ஊரில் "இங்கே குப்பை கொட்டாதீர்" என்ற பலகையின் கீழே என்ன கிடக்கும்? அந்தப் பழக்கம். அடுத்த வாரம் வேலை முடிந்து வந்தால் ஸ்டாண்டும் இல்லை, செருப்பும் இல்லை.

கட்டடத்தின் மேலாளராக இருந்த பெண்மணியைத் தேடிப் போனேன். கோபத்தில் என் ஆங்கிலம் ராஜபாளையத்துக்குப் போய்விடும். "நான் ஒன்று செய்கிறேன்" என்று நாம் சொல்வோமே, அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஒன்று எது என்று மரியாதையாகக் காத்திருந்தார். எனக்கும் அது எது என்று தெரியவில்லை. கடைசியில் என் செருப்புக்கு நான்தான் சொந்தக்காரி என்று காட்ட ஒரு விண்ணப்பம், அதற்கு ஒரு ஒப்புகை, பிறகு பாஸ்போர்ட். என் சொந்தச் செருப்பை வாங்க நான் பாஸ்போர்ட் நீட்டினேன். விமானநிலையத்தில்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"என் வாசல்தானே அது?" என்று கேட்டேன்.

"உங்கள் கதவு வரைக்கும் உங்களுடையது. அதற்கு வெளியே இருப்பது, இந்த மாடியில் கடைசியாக வெளியேறப் போகிற ஆளுடையது" என்றார். "அது யார் என்று நமக்கு முன்கூட்டியே தெரியாது."

கீழே நுழைவாயிலில் ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர் பெயர் இருந்தது. இந்தக் கட்டடத்தின் பொதுப் பகுதிகளில் தீப் பாதுகாப்புக்குப் பொறுப்பு இன்னார் என்று. அதுவரைக்கும் நான் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

அன்று இரவு வழக்கம் போல வீட்டுக்குப் பேசினேன். வழக்கம் போல அப்பா ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். கடைசியாக வெளியேறப் போகிற ஆள் யார் என்று அந்த அம்மாளுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாளே லீவு கேட்டேன்.

3

அப்பா பட்டாளத்தில் இருந்தவர். வத்திராயிருப்பில் வயலைத் தம்பியிடம் விட்டுவிட்டு, அம்மா ஆசைப்பட்டாள் என்று ராஜபாளையத்தில் பிளாட் வாங்கினார். மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. லிஃப்டுக்கு என்று விட்ட குழியில் தண்ணீர் மோட்டார் குடியிருக்கிறது.

பிறகு இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும் என்றார் டாக்டர். ஒரு கையில் நாலு கால் ஊன்றுகோல், மறு கையில் கைப்பிடி, முன்னால் ஒரு ஆள். அவ்வளவு இடம் இருந்தால் அப்பா இறங்குவார். இடம் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்று நாலு பேர் அவரை நாற்காலியோடு தலைக்கு மேல் தூக்கித்தான் ஏற்றினார்கள். "சாமியத் தூக்கிட்டு வந்தாப்புல இருக்கு" என்று யாரோ சிரித்தார்கள். அன்றைக்கு ஏறியவர்தான். இனிமேல் என்னைத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இறங்கவும் இல்லை.

ஊருக்குப் போன முதல் நாள், லீட்ஸ் கண்ணோடு அந்தப் படிக்கட்டைப் பார்த்தேன்.

தரையில் கிரில் கேட்டு, அதில் பூட்டு, சாவி இரண்டாம் மாடியில் இருக்கும் எங்கள் சங்கத்து செகரட்டரி ரங்கசாமி மாமாவிடம். படிக்கு அடியில், தரைத்தள வீட்டு ஜமீலா அக்காவின் மின்சார ஸ்கூட்டர், ஜன்னல் வழியாக வந்த வயரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் வரிசையாக எல்லா வீட்டு ஸ்பேர் சிலிண்டர்களும். முதல் மாடித் திருப்பத்தில் அக்காவின் வீட்டுக்காரர் வியாபாரம் செய்யும் பேண்டேஜ் துணி மூட்டைகள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மாமா வீட்டு இரும்பு பீரோ. அதைத் தாண்ட ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். மொட்டை மாடிக் கதவிலும் பூட்டு. தீயணைப்புக் கருவி ஒன்று இல்லாமல் இல்லை. சுவரில் செக்கச்செவேல் என்று தொங்கியது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் காய்ந்திருந்தன. அழுத்தம் காட்டும் முள் மட்டும் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

"அம்மா, சிலிண்டரை எதுக்கு மாடிப்படிக்குக் கீழ வெச்சிருக்கீங்க?"

அம்மா என்னை ஒரு பச்சைப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "வீட்டுக்குள்ள இருந்தா ஆபத்துல்லட்டி!"

அவள் மட்டும் இல்லை, கட்டடமே அப்படித்தான் யோசித்திருந்தது. ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டு ஆபத்தைப் பொறுப்பாகத் தூக்கி வெளியே வைத்திருந்தது. எல்லா ஆபத்தும் ஒன்றுகூடி, எல்லோரும் ஓட வேண்டிய ஒரே வழியின் அடியில் உட்கார்ந்திருந்தது. கீழே பற்றுவது சின்னத் தீயாக இருந்தாலும் போதும். படிக்கட்டே புகைபோக்கி ஆகிவிடும். புகைக்கு மேலே போகத்தான் தெரியும். மேலே கதவில் பூட்டு. அதற்கு முந்தின மாடியில் அப்பா.

யார் பொறுப்பு என்று விசாரித்தேன். மாமா பில்டரைக் கேள் என்றார். பில்டர், ஒப்படைத்தாயிற்று, இனி சங்கத்தைக் கேள் என்றார். சங்கம் என்றால் யார்? மாமா. அந்த மாமாவை மறுபடி கேட்டால், "எல்லாருக்கும் பொதுவான எடம் அம்மாயி, நான் ஒருத்தன் என்ன பண்ண?" என்கிறார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், பெண் பிள்ளையை அதில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்; என்னைச் சின்ன வயதில் இருந்தே அம்மாயிதான். லீட்ஸில் பொது இடம் என்றால் யாரும் எதையும் வைக்க முடியாத இடம். எங்கள் கட்டடத்தில் யாரும் எதையும் வைத்துக்கொள்ளலாம் என்ற இடம்.

4

கூட்டம் போட்டேன். எனக்கு எதற்கும் கூட்டம் போட வேண்டும். கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்த காலத்தில் காலேஜ் பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பதற்கே கூட்டம் போட்டவள். மாமா பெரிய மனசோடு மொட்டை மாடியைத் திறந்துவிட்டார். லேப்டாப்பில் படங்கள், அம்புக்குறிகள், புகை எப்படி ஏறும் என்று ஒரு அனிமேஷன்கூடத் தயார் செய்திருந்தேன்.

"திடீர்னு கீழ தீப்பிடிச்சதுன்னா..." என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான்.

"ஆடி வெள்ளி அதுவுமா, வெளக்கு வெக்கிற நேரத்துல என்ன வார்த்தடி பேசுத?" என்று முதல் மாடி அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் எழுந்ததும் அவர் பக்கத்து வரிசையே எழுந்தது.

"அம்மாயி, வெளிநாட்டுல இருந்து வந்தா சாக்லேட் குடு. தீயக் குடுக்காத" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். லேப்டாப்பில் என் அனிமேஷன் புகை யாரும் பார்க்காமல் தனியாக ஏறிக்கொண்டிருந்தது.

ஜமீலா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. படியிறங்கும்போது என் தோளைத் தட்டி, "நீ சொன்னது வெளங்குது புள்ள. ஆனா ஸ்கூட்டர எங்கன கொண்டு போயி நிறுத்த? எல்லாரும் எடுத்தா நானும் எடுப்பேன். நான் மட்டும் எடுத்தா, ஏமாளியாட்டு வெயில்ல நிக்கணும்" என்றார். அதுதான் எல்லோருடைய நியாயமும். ஆனால் வெளியே சொன்னவர் அவர் ஒருவர்தான்.

வீட்டுக்குள் அம்மா காத்திருந்தாள். "நீ பிளேன் ஏறிப் போயிருவ. நாங்க இவிய மூஞ்சிலதான முழிக்கணும்? எதுக்கு இப்படி ஊர் வம்ப இழுத்துட்டு வார?"

அப்பா நாற்காலியில் இருந்து, "விடு. அவளாச்சும் பேசுதா" என்றார். அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே தெருவில் டீக்கடை தெரியும் ஜன்னல் அது. அவருடைய கூட்டாளிகள் சாயங்காலம் அங்கேதான் உட்கார்வார்கள்.

5

மறுநாள் மாமாவிடம் சமாதானம் பேசப் போனேன். உண்மையில் அந்த பீரோவை அளக்கப் போனேன். மாமா அதைக் கண்டுகொள்ளாமல் காபி கொடுக்கச் சொன்னார். அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். தேர் ஓடும் வீதியிலேயே வீடு. இப்போது அவர் தம்பி இருக்கிறார். ஆடிப்பூரம் நெருங்கினால் மாமாவுக்கு வேறு பேச்சு வராது.

"ஒங்கப்பன் பட்டாளத்துல இருந்து இதுக்குன்னே லீவு போட்டு வருவாரு. வடத்துல அவர் நின்னா பின்னால ரெண்டு பேரு சும்மா நிக்கலாம். இப்பம் என்ன செய்ய, டிவில பாக்க வேண்டியதுதான்."

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. "மாமா, அம்புட்டுப் பெரிய தேரு, அந்த வீதியில எப்படித் திரும்புது? கடை, பந்தல், வண்டியெல்லாம்?"

"எல்லாம் எடுத்துருவோம்ல! எங்கப்பா வாசல்ல போட்டிருந்த கொட்டகையவே கழட்டுவாரு."

"யாரு சொல்லி?"

"யாரு சொல்லணும்?" மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "வடம் புடிச்ச பொறவு தேரு நிக்கப்படாது. எவன் சாமான் தட்டி, எவன் வீட்டு முன்னால நின்னுச்சோ, அவன் பேரு வருசம் பூரா ஊருக்குள்ள ஓடும். 'தேர நிறுத்துன வீடு'ன்னு பொண்ணு குடுக்க யோசிப்பான்."

காபியைக் குடித்தேனா என்று நினைவில்லை. மூன்றாம் மாடிக்கு இரண்டிரண்டு படியாகத் தாவினேன். அப்பாவிடம் என் யோசனையைச் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாக டீக்கடையைப் பார்த்தார். பிறகு, "தூக்கப்படாது. அது மட்டும்" என்றார்.

வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். தீ என்ற எழுத்தே அதில் இல்லை. "ஆடிப்பூரத் தேரன்று காலை எங்கள் அப்பா தானே படியிறங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்கு வடம் தொடப் போகிறார். எல்லோரும் அவரவர் வாசலில் நின்று வழியனுப்ப வேண்டும்."

முதலில் கைகூப்பும் படங்களாக வந்து விழுந்தன. சாயங்காலம் முதல் மாடி அத்தை தன் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டை உள்ளே இழுத்துக்கொண்டார். ஜமீலா அக்கா அதைப் பார்த்துவிட்டு, "அப்பம் நானும் எடுக்கேன்" என்று ஸ்கூட்டரை வெளியே காம்பவுண்டு ஓரம் கொண்டுபோய், தகர நிழல் ஒன்று போட வைத்தார். துணி மூட்டைகள் கடைக்குப் போயின. சிலிண்டர்கள்தான் கொஞ்சம் இழுத்தன. பின்சுவரோரம், காற்று ஓடும் திறந்த வெளியில் கம்பி வலை அடித்து வைக்கலாம் என்றேன். "களவு போயிருமே?" என்றது ஒரு குரல். "படிக்கு அடியில இருந்து போகாதது அங்கன இருந்தா போயிருமாக்கும்?" என்று அம்மா சண்டைக்குப் போனாள். என் அம்மா! ஊர் வம்பு என்று என்னைத் திட்டிய அதே அம்மா. முதல் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனவளும் அவள்தான்.

பீரோ மட்டும் நின்றது. அது மாமாவின் அம்மா பீரோ. வீட்டு வாசலுக்குள் நுழையாததால் திருப்பத்தில் வைத்திருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவராக அதைச் சுவரோடு ஒரு விரற்கடை தள்ளி, மேலே சலவைத் துணி ஒன்றை விரித்து வைத்தார். தன் பங்கு முடிந்தது என்று அர்த்தம்.

6

தேரன்று காலை அப்பா வெள்ளைச் சட்டையும் கஞ்சி போட்ட வேட்டியுமாக வாசலில் நின்றார். பாதியில் முடியாமல் போனால், இந்த மனிதர் திரும்ப ஏறிப் போய் அந்த நாற்காலியில் உட்காருவார். பிறகு யார் சொன்னாலும் எழுந்திருக்க மாட்டார். தீ வந்தாலும்.

முன்னால் நான், பின்னால் அம்மா. ஊன்றுகோல், கைப்பிடி, ஒரு படி. மறுபடியும் ஊன்றுகோல், கைப்பிடி, ஒரு படி. சொல்லிவைத்தபடி எல்லா வாசலிலும் ஆட்கள்.

"கொட்டு மட்டுந்தான் பாக்கி" என்று ஜமீலா அக்கா கீழே இருந்து குரல் கொடுத்தார்.

"கொட்டு எதுக்கு, ஒன் வாய் போதும்" என்றார் அப்பா. சிரிப்பு படிக்கட்டு முழுக்க ஏறியது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

இரண்டாம் மாடித் திருப்பம். அப்பா ஊன்றுகோலைத் திருப்பினார். அதன் கால் பீரோவில் டங்கென்று இடித்தது. இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார். மறுபடியும் டங். ஒருக்களித்து நுழைய அவர் இடுப்பு இடம் கொடுக்காது. சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. பீரோவுக்கு அந்தப் பக்கம், தன் வாசலில், மாமா புது வேட்டியோடு நின்றிருந்தார்.

அப்பா அவரைப் பார்த்தார். சத்தம் போடாமல் சொன்னார்: "ரங்கசாமி. தேரு நின்னுருச்சுப்பா. ஒன் வீட்டு முன்னால."

மாமாவின் முகத்தை நான் மறக்க மாட்டேன். செத்த நேரம் அவர் சுவரைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார், எல்லா மாடியில் இருந்தும் எட்டிப் பார்க்கும் தலைகளைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஏலே! என்னத்த வேடிக்க பாக்கிய? புடிங்கலே!"

ஜமீலா அக்காவின் வீட்டுக்காரர் ஓடி வந்தார், மற்ற ஆண்கள் வந்தார்கள். பீரோ உள்ளேயும் போகாது, மேலேயும் போகாது. கீழேதான் போயாக வேண்டும். மாமாவே "கோவிந்தா!" என்று குரல் எடுத்தார். படிக்கட்டே "கோபாலா!" என்றது. சலவைத் துணி பறக்க பீரோ முன்னால் இறங்கியது, பெரிய தேருக்கு முன்னால் சின்னத் தேர் போவது போல. அதன் பின்னால், தன் வேகத்தில், ஒருவர் கையும் தன் மேல் படாமல், அப்பா இறங்கினார்.

கேட்டைத் தாண்டித் தெருவில் கால் வைத்ததும் அவர் திரும்பி மாடி ஜன்னலைப் பார்த்தார். கீழே இருந்து அதைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்றோ.

பீரோவும் எங்களோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தது. லோடு ஆட்டோவில், மாமாவின் தம்பி வீட்டுக்கு. வழி பூராவும் மாமா அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தார். வீதி முனையில் கூட்டத்துக்குக் கொஞ்சம் விலகி அப்பாவை நிறுத்தினோம். வடம் அந்தப் பக்கமாக அசைந்து வந்தபோது அவர் ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்தார். இழுத்தாரா, தொட்டாரா, தெரியாது. தேர் நகர்ந்தது.

7

ராஜபாளையத்துக்குத் திரும்பியதும் பீரோ இருந்த இடத்தில் ஒரு பெட்டியோ பானையோ முளைக்கும் என்று பயந்தேன். மறுநாள் காலை பார்த்தால் மாமா பெயிண்டு டப்பாவோடு நின்றிருந்தார். கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் தன் கையால் எழுதினார்: "இது தேர் வழி. பொறுப்பு: ரங்கசாமி, இரண்டாம் மாடி."

"பேரு எதுக்கு மாமா?" என்று தெரியாதது போலக் கேட்டேன்.

"பேரு இல்லாட்டி எவன் கேப்பான் அம்மாயி?"

லீட்ஸில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருப்பதும் அதுதான். அங்கே அரசாங்கம் சட்டம் போட்டு எழுத வைத்ததை இங்கே ஒரு பீரோ எழுத வைத்தது. பேர் எழுதிய கையோடு மற்றதும் நடந்தது. மொட்டை மாடிப் பூட்டு போய், உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள் வந்தது. கேட்டுக்கும் அப்படியே, உள்ளே இருப்பவருக்குச் சாவி வேண்டாம். தீயணைப்புக் கருவியை நிரப்பியாயிற்று; முள் பச்சையில் நிற்கிறது. குங்குமம் இப்போதும் உண்டு. அதில் நான் தலையிடவில்லை.

போன மாதம் புதிதாகக் குடிவந்தவர் வாசலில் செருப்பு ஸ்டாண்டு வைத்தாராம். மஞ்சள் ஸ்டிக்கர் எல்லாம் ஒட்டவில்லை. முதல் மாடி அத்தை கதவைத் தட்டி, "தம்பி, இது தேரு போற வழி. தேர நிறுத்துன வீடுன்னு பேரு வாங்கிராதீய" என்றாராம். என்னை ஆடி வெள்ளியில் அடக்கிய அதே அத்தை.

கட்டடத்தில் தீ வரவில்லை. வரவே வேண்டாம். ஆனால் தீக்காகத் திறந்த வழியில் தினமும் ஒருவர் போகிறார்.

இன்று வீடியோவைப் பார்த்த கையோடு அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். ஜன்னலோரம் அந்த நாற்காலி தெரிந்தது. அதன் மேல் மடிக்காத துணிகள் கிடந்தன.

"அப்பாட்டக் குடும்மா."

"அவிய எங்கட்டி வீட்ல இருக்காக?" அம்மா சலித்துக்கொண்டாள். "டீக்கடைக்குப் போயாச்சு. பேசணும்னா ராத்திரி கூப்புடு. அப்பமும் வந்திருப்பாகளோ என்னமோ."